உடனொளிர் உணர்சாயங்கள்

உயிருள்ள உயிரணுவுக்குள் இருக்கும் அயனிகளையும் சிறு மூலக்கூறுகளையும் ஒளியால் காட்டும் கரிமச் சேர்மங்கள் உடனொளிர் உணர்சாயங்கள் எனப்படும். இவை ஓர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் உமிழ்கின்றன. தேடப்படும் பொருளுடன் சேரும்போது ஒளியின் வலிமையோ நிறமோ மாறும்.

உடனொளிர்வுக்கு ஆங்கிலப் பெயரை 1852-இல் இட்டவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1871-இல் அடால்ஃப் வான் பேயர் தயாரித்த ஃபுளோரசீன், பிற்கால உணர்சாயங்கள் பலவற்றின் அடிப்படைக் கட்டமைப்பாயிற்று.

இத்துறைக்கு வழிவகுத்தது கால்சியம் ஆய்வு. ஓய்வு நிலையில் உயிரணுவுக்குள் தனி கால்சியம் அயனியின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். வெளியே அது பத்தாயிரம் மடங்கு அதிகம். மக்னீசியமோ உள்ளே மிகுதியாக உண்டு. எனவே மக்னீசியத்தை விலக்கிக் கால்சியத்தை மட்டும் பற்றும் சேர்மம் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரோஜர் சியென் 1980-இல் பாப்டா என்ற அத்தகைய சேர்மத்தை வெளியிட்டார். ஆனால் மின்னேற்றம் கொண்ட இவ்வகைச் சேர்மங்கள் உயிரணுச் சவ்வைக் கடப்பதில்லை. 1981-இல் அவர் மின்னேற்றப் பகுதிகளை எஸ்டர்களாக்கி மறைத்தார். உள்ளே சென்றதும் உயிரணுவின் நொதிகள் அந்த எஸ்டர்களை வெட்டிவிடும். மின்னேற்றம் மீண்ட சாயம் வெளியேற முடியாமல் தங்கிவிடும்.

இவ்வகைக் கால்சியச் சாயங்களுள் முதலில் பரவிய குவின்-2 மங்கலாக ஒளிர்ந்ததால் அதை மிகுதியாக ஏற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சாயம் கால்சியத்தையே கட்டிப்போட்டு அளவைக் குலைத்தது. 1985-இல் வந்த ஃபுரா-2 பன்மடங்கு பிரகாசமானது. 340, 380 நானோமீட்டர் ஒளிகளால் மாறி மாறித் தூண்டி, 510 நானோமீட்டர் அருகே கிடைக்கும் இரு உமிழ்வுகளின் விகிதத்தை எடுத்தால், சாயத்தின் அளவும் உயிரணுவின் தடிமனும் கணக்கைப் பாதிப்பதில்லை. 1989-இல் வந்த ஃபுளுவோ-3, கட்புலனாகும் ஒளியால் தூண்டப்படுவதால் லேசர் நுண்ணோக்கிகளுக்கு ஏற்றதாயிற்று.

நைட்ரிக் ஆக்சைடு போன்ற நிலையற்ற மூலக்கூறுகளுக்கு வேறு உத்தி வேண்டியிருந்தது. டோக்கியோவில் டெட்சுவோ நகானோவின் குழு 1998-இல் அறிவித்த டாஃப்-2, ஃபுளோரசீனுடன் இரு அமினோ தொகுதிகள் இணைந்தது. அவை எலக்ட்ரானை ஈந்து ஒளியை அணைத்து வைக்கின்றன. ஆக்சிஜன் முன்னிலையில் நைட்ரிக் ஆக்சைடு தாக்கும்போது டிரையசோல் வளையம் உருவாகி, பச்சை ஒளி வெளிப்படும். இந்த வினை மீளாதது. ஆகவே டாஃப்-2 அதுவரை சேர்ந்த அளவைக் காட்டுமேயன்றி, ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் போரானேட் தொகுதி கொண்ட சாயங்கள் 2004 முதல் வந்தன.

சாயங்களுக்கு மாற்றாக, 1997-இல் கேமிலியானும் 2001-இல் ஜிகாம்ப்பும் கால்சியத்தை உணரும் புரதங்களாக அறிமுகமாயின. உயிரணுவே மரபணுவின் வழி இவற்றை உருவாக்கிக்கொள்வதால் நீண்டகால நரம்பு ஆய்வுகளில் இவை பரவின. மரபணு மாற்றம் செய்யாமலே உடனே ஏற்ற முடிவதால், சாயங்களும் தொடர்ந்து பயன்பட்டுவருகின்றன.