நிரலின் நடுகல்

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைத்தொடருக்கு வடகிழக்கே அரூரும் செங்கமும் உள்ளன. இரண்டும் நடுகற்கள் செறிந்த நிலப்பகுதிகள். இக்கற்களை வாசித்துப் பழகிய ஒருவருக்கு, லினக்ஸ் இயங்குதளத்தில் நிரல் ஒன்று முறிந்து வீழ்கையில் எழுதப்படும் 'கோர்' கோப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று அது தொடங்குகிறது. அடுத்து வாணகோ அரசர் வழியினர், பின்னர் அவர்களைச் சார்ந்த தலைவர், கடைசியாக அவருடைய ஏவலில் நின்று எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி. கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடமுண்டு. எக்காலத்தில், யார் ஆட்சியில், யாருக்குக் கீழ், எச்செயலின் நடுவே இறந்தான் என்பதே கல்லின் செய்தி.

'கோர்' என்னும் பெயர் காந்த வளையங்களிலிருந்து வந்தது. 1950களில் கணினியின் நினைவகம் ஃபெரைட் என்னும் காந்தப்பொருளாலான சிறு வளையங்களைக் கம்பிகளில் கோத்துச் செய்யப்பட்டது. ஒரு வளையம் ஒரு பிட். மின்சாரம் நின்றாலும் வளையத்தின் காந்தத் திசை மாறாது. 1960இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் முறைப்படி இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியிலும் இவ்வகை நினைவகமே இருந்தது: 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். நிரல் நின்றுபோனால் அந்நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாளில் அச்சிட்டு, எண்களை விரலோட்டிப் படித்தார்கள். 1970களில் சிலிக்கான் சில்லுகள் வளையங்களை அகற்றின. பெயர் மட்டும் யுனிக்ஸ் வழியாக லினக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தை ஒரு நிரல் தொட்டால், இயங்குதளத்தின் கருவான கெர்னல் அதற்கு 11ஆம் எண் சமிக்ஞையை அனுப்புகிறது. நிரல் அங்கேயே நிற்கிறது. அக்கணத்தில் அதன் நினைவகம், செயலியின் பதிவகங்கள், சமிக்ஞையின் எண் ஆகியவை கோப்பாகின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்னும் கருவியில் அக்கோப்பைத் திறந்து 'பேக்ட்ரேஸ்' கேட்டால், வீழ்ந்த செயற்கூறு முதல் வரியில் நிற்கும். அதை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்று வரிசை மேலே போகும். எடுத்தனூர்க் கல் அரசனிலிருந்து வீரனுக்கு இறங்குகிறது. இது வீரனிலிருந்து அரசனுக்கு ஏறுகிறது.

வாசிப்பின் கடினம் இதன் பிறகே தொடங்குகிறது. வீழ்ந்த இடமும் பிழை நிகழ்ந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேறொரு செயற்கூறு வெகுமுன்பே நினைவகத்தைச் சிதைத்திருக்கலாம். பழி வந்து விழுவது கடைசியில் நின்றவன்மேல். வீரன் எங்கே பட்டான் என்பதைக் கல் சொல்லும். பூசல் ஏன் மூண்டது என்பதை வாசிப்பவரே பிற சான்றுகளைக் கூட்டிப் பெறவேண்டும்.

அச்சான்றுகளில் முதன்மையானது குறியீட்டு அட்டவணை. நினைவக முகவரி ஒவ்வொன்றும் எந்தச் செயற்கூறு, மூலநிரலின் எந்த வரி என்று அதுதான் பெயர் சொல்கிறது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நிரலிலிருந்து இதை நீக்கிவிட்டு வெளியிடுவது வழக்கம். நீக்கியதைத் தனியே காத்து வைக்காவிட்டால், பின்னாளில் கிடைக்கும் கோர் கோப்பில் வெற்று எண்களே மிஞ்சும். அதே மூலநிரலை மீண்டும் தொகுத்தாலும், தொகுப்பியின் பதிப்பு சற்று மாறியிருந்தால் முகவரிகள் பொருந்தாமற் போகலாம். இருந்த இடம் குறிக்கப்படாமல் பெயர்த்தெடுக்கப்பட்ட நடுகல்லின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எழுத்துகள் தெளிவாக இருக்கும். அவை சுட்டும் ஊர் எது, எல்லை எது என்று உறுதிசெய்ய முடியாது.

பல லினக்ஸ் வழங்கல்களில் கோர் கோப்பின் உச்ச அளவு இயல்பாகப் பூச்சியம் என்றே வைக்கப்பட்டிருக்கும். இடத்தைச் சேமிக்கவும், நினைவகத்தில் கிடக்கும் கடவுச்சொற்கள் வெளிப்படாமல் காக்கவும் இது உதவுகிறது. இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் அவ்வாறு வீழும் நிரல் ஏன் வீழ்ந்தது என்று பிறகு கேட்க வருபவருக்குப் படிக்க எதுவும் இராது. கல் நடுவதா வேண்டாமா என்பதை வீழ்ச்சிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.