திரையரங்கு சாராக் குறும்படத் திரையிடல்

திரையரங்கு சாராக் குறும்படத் திரையிடல் என்பது உணவகம், தேநீர்க் கடை, தங்கும் விடுதி, கல்லூரி, ஊர்ப் பொதுவிடம் போன்ற இடங்களில் குறும்படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவதைக் குறிக்கும். ஆஸ்கார் விருது விதிகளின்படி 40 நிமிடங்களுக்கு மேற்படாத படம் குறும்படம் ஆகும். இவ்வகைப் படங்களுக்குத் திரையரங்குகளில் தனிக்காட்சி கிடைப்பது அரிது. ஆகவே, அவை பார்வையாளரைச் சென்றடையும் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

தோற்றம்

திரைப்படக் காட்சி உணவகத்திற்குப் புதியதன்று. லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிசு நகரின் கிராண்ட் கபே என்னும் உணவகத்தின் நிலவறைக் கூடத்தில் 10 படங்களைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 50 நொடிகள் ஓடியது. இந்தியாவில் 1896 சூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் ஓட்டலில் அவர்களுடைய 6 படங்கள் காட்டப்பட்டன. நுழைவுக் கட்டணம் 1 ரூபாய்.

தமிழகத்தில்

திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறை வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒளிப்படக் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்து அவற்றைக் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார்.

பேசும்படக் காலத்தில் இப்பணியை டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கொட்டகைகள் தொடர்ந்தன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைப் போன்று சிற்றூர்கள் விலகி அமைந்த மானாவாரிப் பகுதிகளில் திரைப்படம் பரவ இக்கொட்டகைகள் பெரிதும் உதவின. இருட்டிய பின்னரே காட்சி தொடங்கும். பெரும்பாலும் ஒரே கருவி இருந்தமையால் சுருள் மாற்றுவதற்குப் பல இடைவேளைகள் விடப்பட்டன. நடுவண் அரசு 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் முதன்மைப் படத்துடன் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டிருந்தது. பலர் பார்த்த முதல் குறும்படங்கள் இவையே எனலாம்.

உரிமமும் சான்றிதழும்

தொடக்ககாலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. ஒளிக்கருவியின் விளக்கும் ஆபத்தானதாக இருந்தது. 1897 மே 4 அன்று பாரிசில் ஓர் அறக்கொடைச் சந்தையில் ஈதர் விளக்கினால் ஏற்பட்ட தீயில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1979இல் தூத்துக்குடியில் கொட்டகைத் திரையரங்கு ஒன்று தீப்பற்றியதில் பலர் உயிரிழந்தனர். இத்தகைய ஆபத்துகளைத் தடுக்கவே காட்சியிடங்களுக்கு உரிமம் தேவைப்படுகிறது. தமிழகத்தில் 1955ஆம் ஆண்டின் திரையரங்குகள் (ஒழுங்குமுறை) சட்டம் இதனை வரையறுக்கிறது.

1952ஆம் ஆண்டின் ஒளிப்படச் சட்டத்தின்படி பொதுக்காட்சிக்கு நடுவண் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் தேவை. பதிப்புரிமை உடையவரின் இசைவும் வேண்டும். உரிமம் பார்வையாளரின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. சான்றிதழ் படத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது. முதலாவதன் தேவையை மறுப்பவர் குறைவு. இரண்டாவது பலமுறை சர்ச்சைக்கு உள்ளாகியுள்ளது. மும்பை பன்னாட்டுத் திரைப்பட விழா 2004இல் நடைபெறுவதற்கு முன்னர், இந்தியப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் கோரப்பட்டது. இயக்குநர்களின் எதிர்ப்பால் விதி கைவிடப்பட்டபோதிலும், பல படங்கள் விழாவிற்குத் தெரிவாகவில்லை. அவற்றைக் காட்டுவதற்காக விகல்ப் என்னும் மாற்று விழா அதே நகரில் நடத்தப்பட்டது.

அண்மைக்காலம்

அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பெருநகரான மதுரையில், மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறது. 2009இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய நாளைய இயக்குநர் நிகழ்ச்சி, குறும்படத்தை வீடுகளுக்குள் கொண்டு சென்றது. அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் ஆகியோர் 2012இல் முழுநீளப் பட இயக்குநர்களாயினர்.

பிரான்சில் 2011 முதல் சில ஆண்டுகள், ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, டிசம்பர் 21 அளவில் குறும்பட நாள் கொண்டாடப்பட்டது. அன்று உணவகங்கள், பள்ளிகள், நூலகங்கள் எனப் பல இடங்களில் குறும்படங்கள் காட்டப்பட்டன. பின்னர் செருமனி உள்ளிட்ட நாடுகளும் இதனைப் பின்பற்றின.

இணையத்தில் குறும்படங்கள் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அவற்றைக் காண்பதற்கு அரங்கு தேவையில்லை. எனினும் பலர் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதும், காட்சி முடிந்ததும் இயக்குநரிடம் நேரில் வினவுவதும் இத்தகைய திரையிடல்களில்தான் இயலும்.