பனையேறி

டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தரங்கம்பாடிக் குடியேற்றத்தில் லெப்டினன்டாக இருந்தவர் டால்டார்ஃப். 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், குளத்தருகே நின்ற பனையொன்றின் பட்டை வெடிப்பில் மீன் ஒன்றைக் கண்டு, அதைத் தம் கையாலேயே எடுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருந்த அம்மீன் இன்னும் மேலேற முயன்றுகொண்டிருந்ததாம். செவுள்மூடியை விரித்து அதன் முட்களைப் பட்டையில் ஊன்றுவது, வாலை வளைத்து அடித்துடுப்பின் முட்களைப் பதிப்பது, உடலை உந்தி மேலே தள்ளி மறுபடியும் செவுள்மூடியை ஊன்றுவது என்று அந்த ஏற்றத்தை அவர் விவரிக்கிறார். சர் ஜோசப் பேங்க்ஸ் வழியாக லண்டன் லின்னேயன் சங்கத்தை அடைந்த இக்குறிப்பு 1797இல் அச்சாயிற்று. மீனுக்கு அவர் இட்ட பெயர் பெர்கா ஸ்காண்டன்ஸ். பெர்கா என்பது ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் நன்கறிந்த நன்னீர் மீனான பெர்ச்சின் லத்தீன் பெயர். ஸ்காண்டன்ஸ் என்றால் ஏறுவது.

அதே தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இம்மீனின் தமிழ்ப்பெயரை ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார்: பனையேறி. மரங்கொத்தி, மீன்கொத்தி போல, இகர விகுதி பெற்று வினைமுதலைச் சுட்டும் சொல். பனையில் ஏறிக் கள்ளும் பதநீரும் இறக்குகிற மனிதருக்கும் இதே பெயர்தான். ஊர்ப்பேச்சில் பனையேறிக் கெண்டை என்பார்கள். ஆனால் இது கெண்டை இனமும் அன்று, பெர்ச் இனமும் அன்று. வகைப்பாட்டில் இரண்டுக்கும் தொலைவான உறவு.

இனி நடந்த பெயர்க்குழப்பம் சுவையானது. பெர்லினைச் சேர்ந்த பிளாக் 1792லேயே இம்மீனுக்கு ஆமையை நினைவூட்டும் 'டெஸ்டுடினியஸ்' என்ற பெயரைச் சூட்டியிருந்தார். அது ஜப்பானிலிருந்து வந்தது என்று தவறாகவும் குறித்திருந்தார். முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது விலங்கியலின் விதி. ஆகவே ஸ்காண்டன்ஸ் விழுந்தது. 1801இல் பிளாக்கின் நூலை முடித்து வெளியிட்ட ஷ்னைடர் அதில் தந்த 'ஸ்கான்சர்' என்ற பெயரும் (அதற்கும் ஏறுபவன் என்றே பொருள்) நிலைக்கவில்லை. ஆனால் குவியே இதற்கெனத் தனிப் பேரினம் ஒன்றை வகுத்தபோது, ஏறுதல் என்னும் கிரேக்க வினையிலிருந்து அனபாஸ் என்று பெயரிட்டார். 1816இல் அச்சேறிய அப்பெயரே இன்றும் வழங்குகிறது: அனபாஸ் டெஸ்டுடினியஸ். பாதி ஆமை, பாதி பனையேறி.

மீன் உண்மையிலேயே பனை ஏறுமா என்ற ஐயம் இன்னொரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. தரையில் நகர்வதைக் கண்டவர்கள் பலர். மரத்தில் கண்டவர்கள் அரியர். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1861இல் வெளியிட்ட நூலில், திருகோணமலை அரசாங்க அதிபர் மோரிஸ் எழுதியனுப்பிய காட்சி ஒன்று இருக்கிறது. வற்றிய குளத்தருகே மழை பெய்ததும், புல்லினூடே இழையிழையாக வழிந்த நீரை எதிர்த்து மீன்கள் மேட்டை நோக்கி முட்டி மோதிப் போயின. 1927இல் பி. கே. தாஸ் என்ற இந்திய விலங்கியலாளர் வேறொரு விளக்கம் சொன்னார். காக்கையும் பருந்தும் கவ்விச் சென்று மரத்தில் விட்ட மீன்கள்தாம் அங்கே காணப்படுகின்றன என்பது அவர் முடிவு. பாடநூல்கள் பெரும்பாலும் இதையே ஏற்றுக்கொண்டன.

எனக்கு இவ்விளக்கம் முழு நிறைவைத் தரவில்லை. பறவை போட்ட மீன் பட்டையை ஊன்றி மேலேற முயலும் முறையை டால்டார்ஃப் ஏன் அவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும்? நவம்பர் சோழநாட்டில் அடைமழைக் காலம். ஓலைகளில் சேரும் நீர் சொரசொரப்பான பனையடியில் வழியும். வழியும் நீரை எதிர்த்து ஏறுவது இம்மீனின் இயல்பு. ஐந்தடி உயரம் நம்ப முடியாததன்று. உச்சிவரை ஏறும் என்றால்தான் கதை. எப்படியாயினும் டால்டார்ஃபுக்கு முன்பே யாரோ பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லாக மட்டும் நிற்கும் அந்தச் சாட்சியத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர்களின் அறிவு எத்தகையது என்பதைத் தூண்டிலோடு உட்காருபவர்களிடம் இன்றும் காணலாம். நான் வசிக்கும் அனகாபுத்தூர் அடையாற்றின் தென்கரையில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய நெசவாளர் ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் ஊருக்குச் சற்று மேலே திருநீர்மலைப் பக்கம் ஆற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் அந்நீர் செய்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

பனையேறி ஓடும் நீரை விரும்பாது. ஆகாயத்தாமரை ஓரம், வயல் வாய்க்காலின் தேக்கம், ஏரிக்கோடி ஆகியவையே அதன் இடம். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த தனி உறுப்பால் அது காற்றை உயிர்க்கிறது. அதனால் அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்தாக வேண்டும். தேர்ந்த தூண்டில்காரர் தக்கையைப் பார்ப்பதற்கு முன் நீர்ப்பரப்பில் தோன்றும் அந்தச் சிறு வளையத்தைத்தான் தேடுவார். வாய் சிறியது, ஆகவே சிறு முள், மெல்லிய தங்கூசி, மண்புழுத் துண்டு அல்லது வெட்டுக்கிளி. முழுப் புழுவைக் கோத்தால் நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும். மழைக்காலத்தில் தூண்டிலே வேண்டியதில்லை. நீர் எதிரேறும் மடைவாயில் பறி வைத்தால் போதும். நீர் வற்றும் நாட்களில் கலங்கல் சேற்றில் ஊத்தாவை அமிழ்த்திக் கைவிட்டுத் துழாவுவார்கள்.

கையில் எடுப்பதுதான் கடினம். முதுகுத் துடுப்பில் பதினைந்துக்கும் மேற்பட்ட முட்கள். செவுள்மூடி விளிம்பு அரம் போன்றது. தலைப்பக்கத்திலிருந்து வால்நோக்கித் தடவி, முட்களைப் படியவைத்தே பிடிக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பிடித்த மீனைப் பல்லால் கவ்விக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிக் கவ்விய பனையேறி வழுக்கித் தொண்டைக்குள் போய், முட்கள் விரிந்து, வெளியே இழுக்க முடியாமல் உயிரைப் பறித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முன்னோக்கி மட்டுமே நகரவிடும் அதே முட்கள்தாம் டால்டார்ஃப் கண்ட மீனைப் பனையில் தாங்கின.

ஈரச்சாக்கில் போட்டால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வங்காளத்தில் கோய் என்ற பெயரில் இதற்குத் தனி மதிப்பு. இங்கோ முள் மிகுதி என்று ஒதுக்குபவர்களே அதிகம். 1952இல் மண்டபத்துக்கு வந்த திலாப்பியா இன்று நம் ஏரிகளை நிறைத்திருக்கிறது. ஜிலேபி என்று கூவி விற்கிறார்கள். அந்தக் கூடையின் அடியில், சாம்பல் பசுமை நிறத்தில், செவுளை விரித்து மூடிக்கொண்டு ஒன்றிரண்டு பனையேறிகள் கிடப்பதுண்டு. விலை கேட்டால் தனியாகச் சொல்ல மாட்டார்கள். கலந்து நிறுத்துத் தருவார்கள்.