கரிசல் வட்டாரத்தின் கேட்பிடங்களும் கூரையும்

இடைசெவல், கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கரிசல் கிராமம். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகியோர் பிறந்த ஊர். இருவருமே இசையில் தோய்ந்தவர்கள். கி.ரா. விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை பயின்றார். அழகிரிசாமி அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) கோவில்பட்டியில்தான் வாழ்ந்தார்.

இவர்கள் காலத்தில் இந்த வட்டாரத்தில் இசை பெரும்பாலும் கோயில் முன்வெளியிலும் கல்யாணப் பந்தலிலும் கேட்கப்பட்டது. பந்தலுக்கு மேலே தென்னங்கீற்று, பக்கங்கள் திறப்பு. ஓலை அடுக்குகளின் இடுக்குகளில் நுழையும் ஒலியில் ஒரு பகுதி அங்கேயே தேய்ந்துவிடும், ஒரு பகுதி வெளியேறிவிடும். திரும்பி வருவது சொற்பம். நாகசுரம் போன்ற உரத்த கருவிக்கு இதைவிடப் பொருத்தமான கூரை இல்லை. கீற்றுக் கொட்டகையாக இருந்த சினிமா அரங்குகளில் வசனம் தெளிவாகக் கேட்டதற்கும் கூரை ஒரு காரணம். நிழலுக்காகவும் சிக்கனத்துக்காகவும் வேயப்பட்ட கூரை அது. ஒலி நன்மை தானாகக் கிடைத்தது.

அந்தக் கூரைக்குத் தீ என்னும் விலை இருந்தது. 1979 ஜூலையில் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் கீற்றுக் கொட்டகை எரிந்து ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் ஓலைப்பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் பலியாயினர். அதன்பின் பள்ளிகளின் ஓலைக்கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. கூரைகள் கான்கிரீட் ஆயின. உயிர் காக்க அது தேவையான மாற்றம்தான். ஆனால் கான்கிரீட் தன்மேல் படும் ஒலியை ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பும். மண்டபங்களில் நாகசுரம் காதைக் குத்துவதும், வகுப்பறையில் ஆசிரியர் சொல் குழம்புவதும் இதனால்தான்.

இக்குழப்பத்தை முதலில் அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை ஆராயும் பணி அவருக்கு வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில் ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி மறைய எடுக்கும் நேரத்தைக் காதால் கேட்டுக் குறித்தார். காலி அறையில் ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க நேரம் குறைந்தது. இவ்வாறு பிறந்த சூத்திரம் எளிது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உட்கவர்தலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் ஆலோசனையில் உருவானது.

ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் கொண்ட ஒரு வீட்டு அறையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். கன அளவு 60. எல்லாப் பரப்பும் பூசிய சுவர் என்று கொண்டால் (உட்கவர் எண் 0.03) காலி அறையில் எதிர்முழக்கம் சுமார் 3.4 விநாடி. கூரையில் 12 சதுர மீட்டருக்கு 0.8 உட்கவர் எண் கொண்ட பலகைகளைப் பொருத்தினால் அது 0.8 விநாடியாகக் குறையும். தரைக்கு ஜமுக்காளம் விரிக்கலாம், சுவரில் அலமாரி நிற்கும், கூரையோ எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். ஒலிபெருக்கியிலிருந்து கூரையில் பட்டு வரும் ஒலி, நேராக வருவதைவிட ஆறு மில்லி விநாடி அளவே பிந்துகிறது. காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை. நேரொலியுடன் கலந்து அதன் நிறத்தை மாற்றிவிடும். எனவே கேட்பவருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, தலைக்கு மேலுள்ள பரப்பையே முதலில் மூட வேண்டும்.

5 செ.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழைப்பஞ்சு அல்லது பாறைப்பஞ்சுப் பலகையைத் துணியால் பொதிந்து, கூரையில் ஒட்டாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுவது வழக்கம். அந்த இடைவெளியால் இன்னும் தாழ்ந்த சுரங்களும் உட்கவரப்படும். பலரும் ஒட்டும் தெர்மகோல் அட்டையும் முட்டை அட்டையும் பயனற்றவை. தெர்மகோலின் கண்ணறைகள் மூடியவை என்பதால் காற்று உள்ளே புகாது, ஆகவே ஒலியும் அடங்காது. இரண்டுமே எளிதில் எரியும் என்பது அதைவிடப் பெரிய கேடு.

கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் இங்கே வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுவது சாதாரணம். ஆகவே தொங்கும் பலகையின் எடையைப் பூச்சில் அறைந்த ஆணியில் ஏற்றக்கூடாது, கான்கிரீட் தளத்தில் துளையிட்டு இறுக்கிய போல்ட்டுகளே தாங்க வேண்டும். பருத்தி விளையும் பூமியானதால் பஞ்சாலைக் கழிவுப் பஞ்சை நிரப்பலாமே என்று தோன்றும். அது ஒலியை நன்றாகவே உட்கவரும். தீத்தடுப்பு வேதிப்பொருள் ஏற்றிய பஞ்சுப் பலகைகள் பிற நாடுகளில் விற்பனையிலும் உள்ளன. ஏற்றாத பஞ்சைத் தலைக்கு மேல் கட்டுவது பழைய கீற்றுக் கொட்டகையை மீண்டும் வேய்வதற்குச் சமம்.