படத்தில் உள்ள பிள்ளையும் வாசிக்கும் நூல்: பிறநாட்டுச் சிறுவர் பற்றிய ஒளிப்பட நூல்கள், வன்னியிலிருந்து ஒரு நோக்கு

பிறநாட்டுப் பிள்ளைகளின் வாழ்வை ஒளிப்படங்களால் அறிமுகம் செய்யும் சிறுவர் நூல்கள் ஐரோப்பாவில் எழுபது ஆண்டுக்கு மேலாக வெளிவருகின்றன. வாசிக்கும் பிள்ளை ஒரு நாட்டில், படத்தில் உள்ள பிள்ளை வேறொரு நாட்டில் என்பதே இவ்வகையின் அடிப்படை. படத்தில் உள்ள பிள்ளை அந்நூலைத் தன் மொழியில் வாசிக்கவும், பிழை கண்டால் திருத்தவும் வழி உண்டா என்பதே அதன் தகுதிக்கு உரைகல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இலங்கையின் வடக்கே வன்னி எனப்படும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஒளிப்படம் பெற்றுள்ள பொருளை அறிந்தவர்களுக்கு இந்த உரைகல்லின் தேவை எளிதில் விளங்கும்.

மூன்று முன்மாதிரிகளை எடுத்துக்கொள்ளலாம். சுவீடனின் ஒளிப்படக் கலைஞர் அன்னா ரிவ்கின், எழுத்தாளர் அஸ்ரிட் லிண்ட்கிரனுடன் இணைந்து 1956 முதல் 1968 வரை ஒன்பது நூல்களைத் தந்தார். ஜப்பான், கிளிமஞ்சாரோ, தாய்லாந்து எனச் செல்லும் அவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரும் ஊரும் ஆசையும் உண்டு. ஆனால் கதையைச் சொல்பவர் சுவீடனின் எழுத்தாளர். 1995இல் யுனிசெப் துணையுடன் பார்னபஸ், அனபெல் கிண்டர்ஸ்லி இருவரும் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று தொகுத்த நூலில் பிள்ளைகள் தம் உணவையும் விளையாட்டையும் விருப்பங்களையும் சொல்கிறார்கள். ஆயினும் வெள்ளைப் பின்னணியில் வெட்டி வைத்த உருவங்களில் நிலமும் பருவமும் கழன்றுவிடுகின்றன. ஜேம்ஸ் மொலிசன் 2010இல் வெளியிட்ட நூல் பிள்ளையையும் அது உறங்கும் இடத்தையும் அருகருகே வைத்து, உலகின் ஏற்றத்தாழ்வைக் கண்முன் நிறுத்துகிறது. அந்த ஒப்பீட்டில் ஏழைப் பிள்ளை தன் வறுமைக்குச் சான்றாகச் சுருங்கும் ஆபத்தும் உண்டு.

வன்னிப் பிள்ளைகள் உலகின் கண்ணில் பட்டது இத்தகைய நூல்களால் அன்று. 2009 மே மாதம் முடிந்த உள்நாட்டுப் போரும், இடம்பெயர்ந்தோர் அடைக்கப்பட்டு 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமும் அவர்களைச் செய்திப் படங்களிலும் நிவாரண அறிக்கைகளிலும் நிறுத்தின. அவற்றில் பெரும்பாலும் பிள்ளைக்குப் பெயரில்லை; கம்பிவேலியும் வெற்றுப் பாத்திரமும் பெயரின் இடத்தைப் பிடித்தன. அதே காலத்தில் அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் குடும்ப அல்பங்கள் பதுங்குகுழிகளிலும் பாதையோரங்களிலும் கைவிடப்பட்டன. பிறர் எடுத்த படங்கள் பெருக, தம் வீட்டுப் படங்கள் அழிந்தன. எஞ்சிய படங்களில் சில 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரின் கைகளில் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்ட மகனை உலகுக்குக் காட்ட அவர்களிடம் இருந்தது அந்த ஒரு படமே. பெயரோடு பிணைந்த அந்தப் படமும் பெயரற்ற நிவாரணப் படமும் ஒரே மண்ணில் எடுக்கப்பட்டவை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றல்ல.

ஆகவே வன்னிப் பிள்ளைகளைப் பற்றிய ஒளிப்பட நூல் அங்குள்ள நாளாந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் நீர் வயலுக்கு வரும் நாள், கோடையில் காட்டிலிருந்து வரும் பாலைப்பழம், நந்திக்கடல் இறால், வைகாசியில் கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் செம்மண் ஒழுங்கை, மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் பற்றைக்காடு ஆகிய யாவும் அந்தப் பிள்ளையின் உலகம். இவற்றில் எது படமாக வேண்டும், அதன் கீழ் என்ன எழுத வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தால், பலகை தன் அளவில் நிற்கும். பாலைப்பழமும் தன் அளவில் நிற்கும்.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். ஒன்று, நாளாந்தத்தைக் காட்டினால் போர் மறைந்துவிடும் என்பது. போரை முன்னிறுத்தியதால் மறைந்தது பிள்ளையே. பலகையும் வெறிச்சோடிய காணியும் நாளாந்தத்தின் பகுதிகள் என்பதால் போரும் அங்கே தானாகத் தெரியும். மற்றையது வலிமையானது: பெயரும் முகமும் அச்சேறுவது பிள்ளைக்குத் தீங்காகலாம். இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை அந்தரங்கத்தைக் காக்கிறது. 12ஆம் உறுப்புரை தன்னைப் பற்றிய விடயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. இவற்றைச் சேர்த்து வாசித்தால் வழி தெரியும்: புனைபெயரைப் பிள்ளையே சூட்டிக்கொள்ளலாம், முகத்துக்குப் பதிலாகக் கையையோ சைக்கிளையோ காட்டலாம், விரும்பாத படத்தை விலக்கலாம். மறைப்பதையும் பிள்ளையே தீர்மானிப்பதால் அது அடையாளத்தைப் பறிக்காது.

இந்த உரைகல்லில் உரைத்தால் ரிவ்கினின் பெயர்சூட்டலும், கிண்டர்ஸ்லி நூலின் கேட்கும் வழக்கமும், ஏற்றத்தாழ்வை மறைக்காத மொலிசனின் நேர்மையும் வன்னிக்குத் தேவையானவையே. அவற்றோடு சேர வேண்டியது ஒன்று: அச்சான நூலின் முதற்படி தமிழில் ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்துக்கும் அக்கராயன் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள பிள்ளை பக்கத்தைப் புரட்டி, "இது எங்கட வாய்க்கால் இல்லை" என்று சொன்னால், அடுத்த பதிப்பு மாற வேண்டும்.