கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு நீர்ச் சேமிப்பு

வீட்டு நீர்ச் சேமிப்பு என்பது குடித்தல், சமைத்தல், குளித்தல், துவைத்தல் முதலிய அன்றாடத் தேவைகளைக் குறைக்காமல், அவற்றுக்குச் செலவாகும் நீரின் அளவைக் குறைப்பதாகும். ஒரு வேலைக்குப் பயன்பட்ட நீரை மற்றொரு வேலைக்குப் பயன்படுத்துவதும், கூரையில் விழும் மழைநீரைச் சேகரிப்பதும் இதனுள் அடங்கும். இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்துள்ள அனுமந்தன்பட்டி பேரூராட்சி போன்ற ஊர்களின் வீடுகளுக்குப் பொருந்தும் எளிய முறைகளை விளக்குகிறது.

நீர் வரும் வழி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் மழைமறைவுப் பகுதியாக அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கே பெய்துவிடுகிறது. 1887 முதல் 1895 வரை பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. மேற்கு நோக்கிப் பாய்ந்த பெரியாற்றின் நீர், அதன் பின்னர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீர் லோயர் கேம்ப் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பகுதிகளைக் கடந்து, தேனிக்கு அருகே வைகையுடன் கலக்கிறது. பின்னர் 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேக்கப்படுகிறது.

பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களும், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களின் குடிநீர்த் திட்டங்களும் இந்நீரையே நம்பியுள்ளன. கீழே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் இதனால் பயன்பெறுகின்றன. லோயர் கேம்ப்பில் இருந்து மதுரைக்குக் குழாய் வழியாக நேரடியாகக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்துக்குப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரே ஆற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் நிலையை இது காட்டுகிறது.

தேவையும் அளவும்

இந்தியாவில் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 2019 இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு 55 லிட்டர் என வரையறுத்தது. 15 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குடத்தில் கணக்கிட்டால், 135 லிட்டர் 9 குடங்கள் ஆகும். 55 லிட்டர் 4 குடங்களுக்கும் குறைவாகும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 ஆம் ஆண்டு வறட்சியின்போது நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் மட்டுமே என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது, சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் காத்திருக்க நேர்ந்தது.

கசிவைக் கண்டறிதல்

வீட்டில் வீணாகும் நீரில் கண்ணுக்குத் தெரியாமல் போவது கசிவு நீராகும். சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லி லிட்டர் டம்ளர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அது 10 நிமிடத்தில் நிரம்பினால், ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டரும், ஒரு நாளில் ஏறத்தாழ 29 லிட்டரும் வீணாகின்றன. இது இரண்டு குடங்களுக்குச் சற்றே குறைவு. பெரும்பாலும் தேய்ந்துபோன வாசரை மாற்றினாலே இக்கசிவு நின்றுவிடும்.

- மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை இரவு உறங்கும் முன் குறித்துவைத்து, காலையில் எவரும் நீரைப் பயன்படுத்தும் முன் மீண்டும் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உள்ளது என அறியலாம்.
- கழிப்பறையின் நீர்த்தொட்டியில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். நீரைத் திறந்துவிடாமலேயே கோப்பையில் மஞ்சள் நிறம் தென்பட்டால், தொட்டியின் அடைப்பான் கசிகிறது.
- நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மின்மோட்டாரை 10 நிமிடம் மறந்துவிட்டால் 300 லிட்டர், அதாவது 20 குடம் நீர் வழிந்து ஓடிவிடும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி இதனைத் தடுக்கும். கருவி வாங்க இயலாதவர்கள், தொட்டி நிறைய ஆகும் நேரத்தை ஒரு முறை கணக்கிட்டு, அதற்கேற்பக் கைப்பேசியில் மணி ஒலிக்கச் செய்யலாம்.

அன்றாட வேலைகளில் சிக்கனம்

குளித்தல்: நிமிடத்துக்கு 10 லிட்டர் பொழியும் தூவல் குழாயில் 8 நிமிடம் குளித்தால் 80 லிட்டர் செலவாகும். வாளியில் பிடித்துச் சொம்பால் ஊற்றிக் குளித்தால் 20 முதல் 30 லிட்டர் போதுமானது.

பல் துலக்குதல்: நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயை 3 நிமிடம் திறந்தே வைத்தால் 18 லிட்டர் வெளியேறும். இதே வேலையைச் சொம்பு நீரைக் கொண்டு செய்யலாம்.

பாத்திரம் கழுவுதல்: எச்சிலையும் பிசுக்கையும் முதலில் வழித்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த பாத்திரங்களை ஊறவைத்துத் தேய்த்த பின், ஓடும் குழாய்க்குப் பதிலாக இரண்டு வாளிகளில் அடுத்தடுத்து அலசலாம். இரண்டாவது வாளியின் நீர் அடுத்த முறைக்கு முதல் வாளியாகப் பயன்படும்.

துவைத்தல்: துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே முறையில் துவைப்பது நன்று. கடைசி அலசல் நீரை அடுத்த துணிகளை ஊறவைக்கவோ வாசல் தெளிக்கவோ பயன்படுத்தலாம். துவைப்பு இயந்திரங்களில் முன்பக்கம் திறப்பவை மேல்பக்கம் திறப்பவற்றைவிடக் குறைந்த நீரில் இயங்குகின்றன.

கழிப்பறை: பழைய வகைத் தொட்டிகள் ஒரு முறைக்கு 10 லிட்டர் அல்லது அதற்கு மேல் வெளியேற்றுகின்றன. இரு பொத்தான் உள்ள தொட்டிகளில் தேவைக்கேற்ப 3 லிட்டர் அல்லது 6 லிட்டர் மட்டும் வெளியேறுமாறு செய்யலாம்.

மறுபயன்பாடு

அரிசி களைந்த கழுநீரை மாட்டுக்கு வைப்பது தமிழகக் கிராமங்களின் நெடுங்கால வழக்கமாகும். குளியலறை, துவைகல் நீர் விழும் இடத்தில் வாழை, சேம்பு, கல்வாழை, தென்னை ஆகியவற்றை நடுவதும் இத்தகையதே. சலவைத்தூள் மிகுதியாகக் கலந்த நீரைக் கீரை, கொத்தமல்லி முதலியவற்றுக்குப் பாய்ச்சுதல் கூடாது. பயன்பட்ட நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கிவைத்தால் துர்நாற்றம் வீசும்.

எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பான்கள், தரும் நல்ல நீரைவிட மிகுதியான நீரைக் கழிவாக வெளியேற்றுவது உண்டு. உப்பு மிகுந்த அந்நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நல்லதன்று.

மழைநீர் சேகரிப்பு

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். எனவே 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். இழப்பு போக ஏறத்தாழ 800 லிட்டரைச் சேகரிக்கலாம். முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கொண்டுவருவதால் அதனை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு வரும் நீரை மணல், சரளைக்கல் வடிகட்டி வழியாகத் தொட்டியிலோ, கிணற்றிலோ, ஆழ்துளைக் கிணற்றின் அருகிலுள்ள உறிஞ்சுகுழியிலோ சேர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு மாடியையும் வடிகுழாயையும் வடிகட்டியையும் தூய்மை செய்யாவிடில் இவ்வமைப்பு பெயரளவிலேயே இருக்கும்.

சேமித்த நீரும் கொசுவும்

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, வீடுகளில் சேமித்துவைக்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டையில் இருந்து கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே அண்டா, தொட்டி, பீப்பாய் ஆகியவற்றை இறுக மூடி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை அவற்றின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே நீரைக் கொட்டினால் பக்கவாட்டில் ஒட்டியுள்ள முட்டைகள் நீங்கா.

பயனும் வரம்பும்

இந்தியாவில் பயன்படுத்தப்படும் நன்னீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வேளாண்மைக்கே செலவாகிறது. எனவே வீட்டுச் சிக்கனத்தால் மட்டும் ஆற்றின் நீர்ப்பற்றாக்குறை தீர்ந்துவிடாது. நெல், வாழை, திராட்சை விளையும் இப்பள்ளத்தாக்கில் பாசன முறையில் செய்யும் மாற்றமே பெரும் அளவு நீரை மிச்சப்படுத்தும்.

ஆயினும் வீட்டுச் சேமிப்பின் பயன் அருகிலேயே தெரியக்கூடியது. குடிநீர் குறிப்பிட்ட நேரம் மட்டும் விடப்படும் ஊர்களில், தெருவின் முன்பகுதியில் குழாய்கள் திறந்தே கிடந்தால் கடைசி வீடுகளிலும் மேட்டுப் பகுதிகளிலும் அழுத்தம் குறைகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது இக்குறையை மேலும் கூட்டுகிறது. அதன் சுமை, நீருக்காகக் காத்திருந்து குடம் சுமப்பவர்கள் மீது, பெரும்பாலும் பெண்கள் மீது விழுகிறது. ஒரு வீட்டில் மிச்சமாகும் 2 குடம் நீர் ஆற்றுக்குச் சிறிது. தெருக்கோடி வீட்டுக்கு அது ஒரு நாள் சமையலுக்கும் குடிப்பதற்கும் போதுமான நீராகும்.