சரகர் காட்டும் மருந்துக்கூட்டு

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் ஒன்று மிக்கவழி, அதனைத் தணிக்கும் மருந்தைக் கூட்டுமாறு சரகசங்கிதையான் நன்கு விளங்கும். இனிப்பும் புளிப்பும் உவர்ப்பும் வளியைத் தணிப்பன. இனிப்பும் கைப்பும் துவர்ப்பும் அழலை. கார்ப்பும் கைப்பும் துவர்ப்பும் ஐயத்தை. சூத்திரத்தானத்து நான்காம் அத்தியாயம், கணமொன்றிற்குப் பத்தாக 50 கணங்களில் 500 மருந்துகளை வகுக்கின்றது. ஒரு மருந்தே பல கணங்களிற் பயிறலின் 500 என்னுந் தொகை நிரம்பாதே என்று மாணவராகிய அக்கினிவேசர் வினவினார். ஒருவனே பல தொழில் செய்து அவ்வத்தொழிலாற் பெயர் பெறுதல்போல மருந்தும் பெறும் என ஆத்திரேயர் விடை கூறினார்.

ஆயினும், சுவையொன்றே கொண்டு துணிதல் அமையாது. திப்பிலி பசுமையில் இனிப்பாய் ஐயத்தை மிகுவிக்கும். உலர்ந்தபின் அதுவே ஐயத்தையும் வளியையும் கெடுக்கும். அதனையும் மிகுதியாக நெடுநாள் உண்ணலாகாதென விமானத்தானம் விலக்கிற்று. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்தை எந்நோய்க்கும் அஞ்சாது இடுவார் இதனை நோக்குவாராக.

கூட்டும் மாறா யாப்புடையதன்று. கணத்துட் கூறியவற்றுள் நோய்க்குப் பொருந்தாததை நீக்கவும், கூறாததாயினும் பொருந்துவதைச் சேர்க்கவும் நுண்ணறிவுடைய மருத்துவர்க்கு விமானத்தானத்து எட்டாம் அத்தியாயம் உரிமை தருகின்றது; அறிவு சுருங்கியோர்க்கோ சொல்லியவாறே செய்தல் நன்றென்கின்றது.